ஃபான்டுக்குள் எட்டிப் பார்க்க எந்தக் கட்டளை? ஃபான்ட் சர்வர் கருவி, ஃபான்ட்கான்ஃபிக், ஹார்ஃப்பஸ்: ஓர் ஒப்பீடு

முகூர்த்த மாதம் நெருங்கினால் போதும், ஒரே ரகக் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். சிம்மக்கல் பக்கம் பத்திரிகை அடிக்கும் கடைக்காரர் ஒருவர், செலவு மிச்சம் என்று லினக்ஸுக்கு மாறியவர், "ஸ்ரீ உடைஞ்சு ரெண்டு எழுத்தா நிக்குதுண்ணே, ஃபான்ட் கோளாறா, மெஷின் கோளாறா?" என்கிறார். திருமங்கலம் போகிற வழியில் ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்பவருக்கு வேறு கவலை. அவரிடம் உள்ள பழைய தின் கிளையன்ட்கள் (பெரும்பாலான வேலையைச் சர்வரிடம் விட்டுவிடும் எளிய மெஷின்கள்) இன்னமும் ஃபான்ட் சர்வரிலிருந்துதான் எழுத்தை எடுக்கின்றன. அந்த சர்வரிடம் என்னென்ன ஃபான்ட் இருக்கிறது என்பதை டெர்மினலிலேயே பார்க்க வழி கேட்கிறார். இன்னொருவர் காதணி விழா ஃபிளெக்ஸ் டிசைன் பண்ணுகிறவர். ₹ அடித்தால் கட்டம் வருகிறதாம்.

தேடினால் ஒரு இடத்தில் எஃப்எஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ் என்று போட்டிருக்கும், இன்னொரு இடத்தில் எஃப்சி-லிஸ்ட், வேறொரு இடத்தில் எச்பி-ஷேப். மூன்றும் ஃபான்டைப் பார்க்கும் கட்டளைகள்தான். ஆனால் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. எதை எடுப்பது என்று திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்: எழுத்தைத் திரையில் வரைவது யார்? இதைக் கேட்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பதால்தான் பாதிக் குழப்பம்.

லினக்ஸில் திரையைக் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் விண்டோவின் பழைய முறையில் புரோகிராம் ஃபான்டைத் தொடுவதே இல்லை. "இந்தப் பெயருள்ள ஃபான்டில் இந்த வரியை எழுது" என்று எக்ஸ் சர்வரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். எக்ஸ் சர்வர் தன் டிஸ்கிலிருந்தோ, நெட்வொர்க்கில் உள்ள ஃபான்ட் சர்வரிடம் கேட்டோ எழுத்து வடிவங்களை வாங்கி வரையும். ஃபான்ட் சர்வர் என்ற ஏற்பாடு 1991இல் எக்ஸ் 11இன் ஐந்தாம் வெளியீட்டோடு வந்தது. ஒரு மெஷினில் ஃபான்டை வைத்து லேப் முழுவதற்கும் பரிமாறலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய வசதி.

2000களின் தொடக்கத்தில் கதை மாறியது. இப்போது புரோகிராமே ஃபான்ட் கோப்பைத் திறந்து, எழுத்தைக் கோத்து, வரைந்து முடித்த படத்தைத்தான் திரைக்கு அனுப்புகிறது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபீஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் எல்லாமே இந்த வழி. ஆகவே ஃபான்ட் சர்வரில் நூறு தமிழ் ஃபான்ட் இருந்தாலும் லிப்ரெஆஃபீஸ் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்காது. அதேபோல உங்கள் ஹோம் ஃபோல்டரில் நேற்று போட்ட ஃபான்ட், சர்வரை நம்பியிருக்கும் பழைய புரோகிராமுக்குத் தெரியாது.

இரண்டாவது, உங்கள் கேள்வி எது? எழுத்து ஃபான்டில் இருக்கிறதா என்பது ஒன்று. சிஸ்டம் எந்த ஃபான்டை எடுத்து மாட்டுகிறது என்பது வேறு. இருக்கிற எழுத்துகள் சரியாகக் கோக்கப்படுகின்றனவா என்பது மூன்றாவது. தமிழில் அதிகம் உதைக்கிறது இந்த மூன்றாவதுதான்.

மூன்றாவது அளவுகோல், ஃபான்ட் யூனிகோடா, பாமினி ரகமா (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய ரகம்) என்பது. மதுரையில் இன்னும் இரண்டும் சரிபாதியாகப் புழங்குவதால் இதை விடமுடியாது. கடைசியாகச் செலவு. இந்தக் கட்டளைகள் எல்லாமே இலவசம். செலவு என்றால் நேரம், பாதுகாப்பு, கடையில் அதை ஓட்டப் போகும் பையனின் பொறுமை.

| வழி | யாரிடம் கேட்கிறது | நன்றாகச் சொல்வது | கோக்கும் விதம் தெரியுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| எஃப்எஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ், ஷோஃபான்ட் | ஃபான்ட் சர்வர் | எட்டு பிட் ஃபான்டின் எல்லா வடிவங்களும் | தெரியாது | திறந்த போர்ட், பழைய நிரல் |
| எக்ஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ் | எக்ஸ் சர்வர் | திரைக்கு வந்து சேர்ந்த ஃபான்ட்கள் | தெரியாது | திரை வேண்டும் |
| எஃப்சி-லிஸ்ட், எஃப்சி-மேட்ச் | ஃபான்ட்கான்ஃபிக் | எது இருக்கிறது, எது தேர்வாகிறது | தெரியாது | பாமினி ரகம் கண்ணில் படாது |
| எச்பி-ஷேப், எச்பி-வியூ | ஃபான்ட் கோப்பு | சொல் எப்படி உருவாகிறது | தெரியும் | வெளியீட்டைப் படிக்கப் பழக வேண்டும் |
| டிடிஎக்ஸ் | ஃபான்ட் கோப்பு | கோளாறின் காரணம் | விதிகளை மட்டும் காட்டும் | மலைபோல் கொட்டும் வரிகள் |

## ஃபான்ட் சர்வர் கருவிகள்

டெபியன், உபுண்டுவில் எக்ஸ்11-எக்ஸ்எஃப்எஸ்-யுடில்ஸ் என்ற ஒரே பொதிக்குள் எல்லாம் கிடைக்கும். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு. எஃப்எஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ் பட்டியல் தரும், ஷோஃபான்ட் ஒரு ஃபான்டைப் பிரித்துக் காட்டும். மற்றவற்றில் எஃப்எஸ்டுபிடிஎஃப் (fstobdf) சர்வரிடமிருந்து ஃபான்டை வாங்கி உரைக்கோப்பாக எழுதித் தரும். மூலக் கோப்பு தொலைந்துபோன பழைய ஃபான்டை மீட்க அது உதவும்.

எந்த சர்வர் என்பதை மைனஸ் சர்வர் என்ற தேர்வில் கொடுக்க வேண்டும். மெஷின் பெயர், முக்காற்புள்ளி, போர்ட் எண். வழக்கமான போர்ட் 7100. ஒவ்வொரு முறையும் தட்டச் சலிப்பாக இருந்தால் ஃபான்ட்சர்வர் என்ற சூழல் மாறியில் (பெரிய எழுத்தில்) ஒருமுறை வைத்துவிடலாம். வேறு மெஷினிலிருந்து கேட்டால் பதிலே வரவில்லையா? உடனே ஃபயர்வாலைத் திட்டாதீர்கள். டிசிபி வழியே கேட்காதே என்று சர்வரின் கான்ஃபிக் கோப்பிலேயே ஒரு வரி இருக்கலாம். பல லினக்ஸ் பதிப்புகள் அப்படித்தான் அனுப்பின. சர்வர் ஓடும் மெஷினுக்குள் போய் யுனிக்ஸ் சாக்கெட் வழியே கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

பட்டியலில் வரும் பெயர்கள் நீளமானவை. சிறுகோடுகளால் பிரித்த பதினான்கு புலங்கள்: தயாரித்தவர், குடும்பம், தடிமன், சாய்வு, அளவு என்று போய்க் கடைசி இரண்டில் குறியாக்கம். அதில் ஐஎஸ்ஓ10646-1 என்றிருந்தால் யூனிகோட் வரிசை. பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியின் டிஸ்கி-0 என்ற பெயரைக்கூட எக்ஸ் அறியும், அந்தக் காலத் தமிழ் ஆர்வலர்களின் உழைப்பு அது. தேடும்போது நட்சத்திரக் குறி போட்டால் அதை மேற்கோளுக்குள் அடையுங்கள். இல்லாவிட்டால் ஷெல் அதைக் கோப்புப் பெயர் என்று நினைத்து விரித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஐஎஸ்ஓ10646-1 என்று முடிவதால் அந்த ஃபான்டில் தமிழ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. யூனிகோட் எண் வரிசையைப் பின்பற்றுகிறது, அவ்வளவுதான். உள்ளே வெறும் லத்தீன் எழுத்துகள் மட்டும் இருக்கலாம். அங்கேதான் ஷோஃபான்ட் வேண்டும். மைனஸ் ஸ்டார்ட் 2944, மைனஸ் எண்ட் 3071 என்று கொடுங்கள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் அவை. ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம், மேல் உயரம், கீழ் ஆழம் எல்லாம் எண்ணாக வரும், அதன் கீழே எழுத்தே படமாக வரும். சின்ன அளவில் ப என்ற எழுத்து ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
#-----#
#-----#
#-----#
#-----#
#######
```

எஸ்எஸ்எச் வழியாக, கிராஃபிக்ஸ் எதுவும் இல்லாமல், எழுத்தின் முகத்தையே பார்த்துவிடலாம். அளவு மட்டும் போதும் என்றால் எக்ஸ்டென்ட்ஸ்_ஒன்லி என்று ஒரு தேர்வு உண்டு.

சரி, குறை என்ன? ஃபான்ட் சர்வர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்றுதான் பேசும். 2965 கேட்டால் க வரும், அத்தோடு நின்றுவிடும். யூனிகோடில் கூ, டு, ணு போன்றவற்றுக்குத் தனி எண் கிடையாது. மெய்யும் உயிர்க்குறியும் சேரும்போது ஃபான்டுக்குள் இருக்கும் விதிப்படி வேறு வடிவம் வரும். அந்த விதிகளை ஃபான்ட் சர்வர் நெறிமுறை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆகவே யூனிகோட் ஃபான்ட் ஒன்றை ஷோஃபான்டில் முழுக்கப் பார்த்தாலும் பாதி எழுத்துகளை நீங்கள் பார்க்கவே இல்லை.

ஆனால் பாமினி, டாப், டாம் ரக ஃபான்டுக்கு இதே குறை நிறையாகிவிடும். அவற்றில் கூவும் டுவும் ணுவும் தனித்தனி இடத்தில் நேரடியாக உட்கார்ந்திருக்கின்றன. கோப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. 0 முதல் 255 வரை ஷோஃபான்டில் ஓடவிட்டால் ஃபான்டின் முழு உடம்பும் தெரிந்துவிடும். எந்தக் கடையிலாவது பெயர் தெரியாத பழைய ஃபான்டைக் கொடுத்து, இதில் ஸ்ரீ எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், ஃபான்ட் சர்வர் ஏற்கெனவே ஓடுகிற இடமாக இருக்கும் பட்சத்தில், இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

ஏற்கெனவே ஓடுகிற இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இதற்காகவே புதிதாக ஒரு ஃபான்ட் சர்வரை நிறுவாதீர்கள். எம்கேஃபான்ட்ஸ்கேல், எம்கேஃபான்ட்டிர் என்று இரண்டு கட்டளை ஓட்டி அட்டவணைக் கோப்பு தயாரித்து, கான்ஃபிக் எழுதி, அது முடிவதற்குள் பொழுது போய்விடும். அதைவிட முக்கியம், இந்த நெறிமுறையில் கடவுச்சொல்லும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. ஃபான்ட் சர்வர் அனுப்பும் பதிலை எக்ஸ் சர்வர் சரிபார்க்காமல் நம்பிவிடும் ஓட்டைகள், அது பயன்படுத்தும் லிப்எக்ஸ்ஃபான்ட் என்ற நூலகத்தில் 2014 மே மாதம் வெளியே வந்தன. திருத்தம் உடனே வந்துவிட்டது. ஆனால் இன்னும் தின் கிளையன்ட் வைத்திருக்கிற லேபில் அந்தத் திருத்தம் போட்டிருக்கிறார்களா என்பது வேறு விஷயம். 7100 போர்ட்டை லேபின் உள் நெட்வொர்க்கைத் தாண்டி விடாதீர்கள்.

இன்னொன்று: மைனஸ் எல் சேர்த்து நீளப் பட்டியல் கேட்டால் சர்வர் வெகுநேரம் அதிலேயே சிக்கிக்கொள்ளலாம். கையேட்டிலேயே அப்படிப் போட்டிருக்கிறார்கள். லேப் வகுப்பு நடக்கும்போது ஓட்டாமல் இருப்பது நல்லது.

## எக்ஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ்

இது ஃபான்ட் சர்வரிடம் பேசாது, எக்ஸ் சர்வரிடம் பேசும். தனியாகப் பார்த்தால் பெரிய பயன் இல்லை. மேலே சொன்னதோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் பயன். எஃப்எஸ்எல்எஸ்ஃபான்ட்ஸில் வருகிற ஃபான்ட் இதில் வரவில்லை என்றால் சர்வரில் கோளாறு இல்லை, திரைக்கு வழி சொல்லப்படவில்லை. எக்ஸ்செட் கட்டளையில் பிளஸ் எஃப்பி கொடுத்து சர்வரின் முகவரியைச் சேர்த்து, பிறகு எஃப்பி ரீஹாஷ் அடித்தால் வந்துவிடும். எக்ஸ் சர்வரோடு இணைப்பு இருந்தால்தான் ஓடும் என்பதால், அந்த இணைப்பு இல்லாமல் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உதவாது.

## ஃபான்ட்கான்ஃபிக் கட்டளைகள்

ஃபான்ட்கான்ஃபிக் என்பது புரோகிராம்களுக்கு வேண்டிய ஃபான்டைத் தேடித் தரும் நூலகம். டெஸ்க்டாப் லினக்ஸ் என்றால் இது ஏற்கெனவே உள்ளே இருக்கும், நிறுவ வேண்டியதே இல்லை. தினப்படி வேலைக்கு நான் முதலில் கைவைப்பது இதில்தான்.

எஃப்சி-லிஸ்டில் லாங் என்ற வடிகட்டியைத் தமிழுக்கு வைத்தால், சிஸ்டத்தில் உள்ள தமிழ் யூனிகோட் ஃபான்ட்கள் கோப்புப் பாதையோடு வரும். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் என்று நீங்கள் போட்டு வைத்ததெல்லாம் தெரியும். புதிதாக ஃபான்டைப் போட்டு அது வராவிட்டால் எஃப்சி-கேஷை ஒருமுறை ஓட்டுங்கள்.

பத்திரிகைக் கடைக்காரர்களுக்கு இதைவிட உதவுவது சார்செட் வடிகட்டி. நம் ஊர்ப் பத்திரிகையில் வருடம், மாதம், தேதிக்கு ௵, ௴, ௳ போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. யூனிகோடில் இவை 3061, 3060, 3059. எல்லா ஃபான்டிலும் இருக்காது. இல்லாத ஃபான்டில் அடித்தால் கட்டம் வந்தாலாவது தெரிந்துபோகும். பல நேரம் புரோகிராம் சத்தமில்லாமல் வேறொரு ஃபான்டிலிருந்து அந்தக் குறியை மட்டும் எடுத்து ஒட்டிவிடும். வரி முழுவதும் தடித்த எழுத்தில் நிற்க, ௵ மட்டும் ஒல்லியாக, சற்றே மேலே ஏறி நிற்கும். திரையில் யாரும் கவனிப்பதில்லை. பிளேட் போட்டு ஐநூறு பத்திரிகை அடித்த பிறகு பெண் வீட்டார் கவனிப்பார்கள். சார்செட்டில் அந்த எண்ணைக் கொடுத்தால் அது உண்மையிலேயே எந்தெந்த ஃபான்டில் இருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் கேட்கும், ஷோஃபான்ட் பத்தின் அடிமானத்தில் கேட்கும். யார் எதை நினைத்து இப்படி வைத்தார்களோ. பிரின்ட்எஃப் கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபிளெக்ஸ்காரரின் ₹ குறிக்கும் இதே வைத்தியம். அது யூனிகோடில் சேர்ந்ததே 2010இல்தான், எண் 8377. அதற்கு முன் வெளியாகிப் புதுப்பிக்கப்படாத ஃபான்டில் தேடிப் பயனில்லை.

எஃப்சி-மேட்ச் வேறு வேலை செய்கிறது. ஒரு பெயரைக் கேட்டால் சிஸ்டம் கடைசியில் எந்த ஃபான்டை எடுக்கும் என்று சொல்லும். அரிமா மதுரை என்று ஒரு ஃபான்ட் உண்டு, நம் ஊர் பேர் இருப்பதாலேயே இங்கே பலரும் இறக்கி வைத்திருக்கிறார்கள். அதுவே பிறகு அரிமா என்ற பெயரில் வேரியபிள் ஃபான்டாக (பல தடிமன்கள் ஒரே கோப்பில்) வந்தது. பழைய டிசைன் கோப்பு அரிமா மதுரையைக் கேட்கும், மெஷினில் இருப்பதோ அரிமா. எழுத்து வேறு முகத்தோடு வரும். எஃப்சி-மேட்சில் பழைய பெயரைக் கொடுத்தால் ஒரே வரியில் விடை கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்சி-மேட்ச் "இல்லை" என்று சொல்லவே சொல்லாது. வாய்க்கு வந்த பெயரைக் கொடுத்தாலும் ஏதாவது ஒன்றை நீட்டும். கேட்ட பெயரும் வந்த பெயரும் ஒன்றா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பெரிய ஓட்டை பாமினி ரகத்தில். பாமினியில் "தமிழ்" என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை அடிக்கிறோம். கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்து ஃபான்ட்தான், முகம் மட்டும் தமிழ். ஆகவே தமிழுக்கான வடிகட்டியில் அது சிக்காது. கடையில் முந்நூறு தமிழ் ஃபான்ட் இருக்க, எஃப்சி-லிஸ்ட் ஆறேழு மட்டும் காட்டுகிறதே என்று பதறுபவர்கள் உண்டு. காணாமல் போகவில்லை, வேறு பெயரில் ஒளிந்திருக்கின்றன. குடும்பப் பெயரை வைத்துத் தேடுங்கள்.

## ஹார்ஃப்பஸ் கட்டளைகள்

யூனிகோடில் வேலை பார்க்கும் தமிழ்க் கடைக்கு ஒரே ஒரு கருவி பழகிக்கொள்ள நேரம் இருந்தால் இதைப் பழகுங்கள் என்பேன். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரெஆஃபீஸ் எல்லாம் எழுத்தைக் கோப்பதற்கு நம்பியிருக்கும் நூலகம் ஹார்ஃப்பஸ். அதையே நேரடியாகக் கேட்கும் கட்டளைகள்தான் எச்பி-ஷேப்பும் எச்பி-வியூவும். டெபியன், உபுண்டுவில் லிப்ஹார்ஃப்பஸ்-பின் என்ற பொதியில் கிடைக்கும்.

எச்பி-ஷேப்புக்கு ஃபான்ட் கோப்பையும் ஒரு சொல்லையும் கொடுத்தால், அந்தச் சொல்லை வரைய எந்தெந்த வடிவங்களை எந்த வரிசையில் எடுத்தது என்று சதுர அடைப்புக்குள் எழுதிக் காட்டும். "மீனாக்ஷி" கொடுத்துப் பாருங்கள். க்ஷ என்பதற்கு ஒற்றைப் பெயர் வந்தால் ஃபான்ட் சேர்த்திருக்கிறது. க, புள்ளி, ஷ என்று பிரிந்து வந்தால் அந்த ஃபான்டுக்கு அந்தக் கூட்டெழுத்து தெரியாது. எழுத்தே இல்லாவிட்டால் நாட்டெஃப் என்று வரும், திரையில் கட்டமாகத் தெரிவது அதுதான்.

சிம்மக்கல்காரரின் ஸ்ரீ விஷயமும் இங்கேதான் தீரும். ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்கலாம்: வழக்கமான ஸ வைத்து ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்து இன்னொன்று. சில ஃபான்ட்கள் இரண்டையும் சேர்க்கும், சில ஒன்றை மட்டும். கீபோர்டு எதை அனுப்புகிறதோ அது ஃபான்டுக்குத் தெரியாததாக இருந்தால் உடைந்து நிற்கும். இரண்டையும் எச்பி-ஷேப்பில் ஓட்டினால் குற்றவாளி ஃபான்டா கீபோர்டா என்று தெரிந்துவிடும். எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கருவிகள் எல்லாமே இந்த இடத்தில் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று கைவிரித்துவிடும். ஸ இருக்கிறது, ர இருக்கிறது, குறிகள் இருக்கின்றன, அப்புறம் என்ன என்று.

இன்னும் நுணுக்கமான ஒன்று. மேலூர்ப் பக்கம் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையைப் பிடிஎஃப்ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் "கௌரி" என்று தேடினால் மணப்பெண் பெயரே கிடைக்கவில்லை. "ஃபான்ட் சரியில்லப்பா" என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். எச்பி-ஷேப்பில் அந்தப் பெயரை ஓட்டினால் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வடிவத்தின் பக்கத்திலும், அது சொல்லில் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற எண்ணை 0இலிருந்து எண்ணிப் போடும். முறையாக அடித்த "கௌ"வில் ஒற்றைக்கொம்பு, க, சிறகு என்ற மூன்று வடிவங்களுக்கும் 0 என்ற ஒரே எண் வரும், மூன்றும் ஓர் எழுத்து என்று பொருள். அந்தப் பத்திரிகையிலோ கொம்புக்கும் கவுக்கும் 0, மூன்றாவதற்கு 2. அடித்தவர் ௌ குறிக்குப் பதிலாக ெ போட்டு, பின்னால் ள என்ற எழுத்தையே அடித்திருக்கிறார். "கெளரி". கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தாளிலும் ஒன்றுதான். தேடும்போதும் அகரவரிசைப்படுத்தும்போதும் வேறு. ஃபான்ட் பாவம், அதன் மேல் தப்பே இல்லை. தாளில் மட்டும் அடிக்கும் கடைக்கு இது பொருட்டே இல்லை. பிடிஎஃப், வெப்சைட் என்று போகிறவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.

எண்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு எச்பி-வியூ. அதே சொல்லைப் படமாக வரைந்து தரும். கோப்பாகவும் எழுதும், டெர்மினலிலேயே கட்டம் கட்டமாக வரைந்தும் காட்டும். ஷோஃபான்ட் செய்த அதே வேலை, ஆனால் கோத்த எழுத்தோடு. கடைப் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

செலவு? எச்பி-ஷேப்பில் வரும் வடிவப் பெயர்கள் ஃபான்டுக்கு ஃபான்ட் மாறும். ஒன்று தமிழ் ஒலிப்படி பெயர் வைத்திருக்கும், இன்னொன்று வெறும் யூனிகோட் எண்ணை வைத்திருக்கும். முதல் கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும். அப்புறம், இது ஒரு கோப்பை மட்டும்தான் பார்க்கும். சிஸ்டம் உண்மையில் அந்தக் கோப்பைத்தான் எடுத்ததா என்பதை எஃப்சி-மேட்சில் உறுதி செய்யாமல் இதில் உட்கார்ந்தால், சம்பந்தமில்லாத ஃபான்டை ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள்.

பேஜ்மேக்கரில் இன்னும் அடிப்பவர்களுக்கு இந்தப் பகுதி முழுவதும் தேவையில்லை. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு, அதற்கு யூனிகோட் தெரியாது.

## டிடிஎக்ஸ்

பைத்தானில் எழுதிய ஃபான்ட்டூல்ஸ் தொகுப்பில் வருவது. லினக்ஸ், விண்டோஸ், மேக் எதிலும் ஓடும். ஃபான்டின் அட்டவணைகளை எக்ஸ்எம்எல் உரையாகக் கொட்டும். மைனஸ் எல் கொடுத்தால் அட்டவணைப் பெயர்கள் மட்டும். சிமேப் அட்டவணையில் எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதும், ஜிசப்பில் கோக்கும் விதிகளும் இருக்கும். ஜிசப்பில் டிஏஎம்எல் என்ற பழைய குறிச்சொல்லும் டிஎம்எல்2 என்ற புதியதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தமிழுக்கான விதியே எழுதப்படவில்லை என்று சந்தேகப்படலாம். இதை மட்டும் தெரிந்துகொள்ள ஃபான்ட்கான்ஃபிக்கின் எஃப்சி-குவெரியே போதும், அதன் கேபபிலிட்டி வரியில் இந்தக் குறிச்சொற்கள் வரும்.

முழு ஃபான்டையும் கொட்டச் சொன்னால் ஆயிரக்கணக்கான வரிகள் வந்து விழும். வேண்டிய அட்டவணையை மட்டும் மைனஸ் டி கொடுத்து எடுங்கள். ஃபான்ட் செய்கிறவருக்கும் திருத்துகிறவருக்கும் இது இல்லாமல் முடியாது. அச்சுக்கடைக்கு அநேகமாக வேண்டாம். கட்டளையே பிடிக்காதவர் ஃபான்ட்ஃபோர்ஜைத் திறந்து கண்ணால் பார்க்கலாம். ஒரு ஃபான்ட் என்றால் சுகம், நாற்பது ஃபான்டைச் சலிக்க வேண்டும் என்றால் கை வலிக்கும்.

## உங்கள் இடத்துக்கு எது

தின் கிளையன்ட் லேப். எஃப்எஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ், பிறகு எக்ஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ், சந்தேகம் வந்தால் ஷோஃபான்ட். வேறு எதுவும் உங்கள் கேள்விக்கு விடை சொல்லாது. மாணவர்கள் தமிழ் யூனிகோடில் எழுத வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் ஃபான்ட் சர்வரில் தமிழைத் திணிக்க முயலாதீர்கள். குனு யூனிஃபான்ட் போன்ற பிட்மேப் ஃபான்டை வைத்து எழுத்தைக் காட்டிவிடலாம்தான். ஆனால் சர்வர் வழியே "கொ" என்பது க, ொ என்று பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். புரோகிராமை மாற்றுவதே வழி.

யூனிகோடில் பத்திரிகை, ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை. எஃப்சி-மேட்சில் ஆரம்பித்து எச்பி-வியூவில் முடியுங்கள். ஸ்ரீ, மீனாக்ஷி, கௌ, ௵, ₹, அவ்வப்போது வரும் தமிழ் எண்கள் எல்லாம் உள்ள ஒரு வரியை உரைக்கோப்பில் வைத்துக்கொண்டு, புது ஃபான்ட் வாங்கியதும் அதை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

பாமினி ரக ஃபான்ட் மூட்டையை வைத்துக்கொண்டு யூனிகோடுக்கு மாற நினைப்பவர். ஃபான்ட் சர்வர் ஏற்கெனவே இருந்தால் ஷோஃபான்ட், இல்லையென்றால் டிடிஎக்ஸில் சிமேப் எடுத்து, வடிவங்களை ஃபான்ட்ஃபோர்ஜில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற அட்டவணை கையில் வந்தபிறகுதான் மாற்றியை நம்ப முடியும். ஒரே பெயரில் இருக்கும் இரண்டு ஃபான்ட்கள்கூட ஸ்ரீயையும் க்ஷவையும் வெவ்வேறு இடத்தில் வைத்திருப்பதுண்டு.

வேலையைச் சிவகாசிக்கு அனுப்புகிறவர். காலண்டரோ டைரியோ, பிடிஎஃப் கிளம்புவதற்கு முன் பாப்ளர் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கட்டளையை ஓட்டுங்கள். இஎம்பி என்ற நெடுவரிசையில் எல்லாம் யெஸ் என்று இருக்க வேண்டும். நோ என்றிருந்தால் அந்த ஃபான்ட் பிடிஎஃப்புக்குள் போகவில்லை, அச்சகத்து மெஷினில் இருக்கும் ஏதோ ஒன்று அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். யுஎன்ஐ நெடுவரிசையில் நோ என்றிருந்தால் அச்சு சரியாக வரும், தேடவும் நகலெடுக்கவும் முடியாமல் போகலாம். காலண்டர்காரருக்கு முதல் நெடுவரிசை போதும், மின்பத்திரிகை அனுப்புகிறவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.